வலது கன்னத்து மச்சம்

"உன் கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? என் பொண்ணுக்கு மச்சம் இடது கன்னத்துல. நீ போட்டுக் குடுத்த படத்துல வலது கன்னத்துல இருக்கு. எப்படிலா வந்துச்சு?"

வடிவேலு படத்தைக் கண்ணாடி மேசைமீது அறைந்தார். புக்கிட் ரம்பாய் பாக்டரியில் சூப்பர்வைசர் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு வருகிற மனிதர்தான். காசு கொடுத்த கடையில் மட்டும் யாருக்கும் அடங்கமாட்டார்.

போட்டோ கடைக்காரர் கந்தசாமி படத்தை எடுத்துப் பார்த்தார். பஞ்சாபி சூட் போட்டுக்கொண்டு தேவிஸ்ரீ அதில் உம்மென்று நின்றிருந்தாள்.

"தப்பு நடந்துபோச்சுண்ணே. பிலிமைத் திருப்பி வச்சு ஸ்கேன் பண்ணிட்டேன்."

"திருப்பி வச்சுட்டீங்களா? அது என்ன தோசையா, திருப்பிப் போடுறதுக்கு?" என்று பாய்ந்தாள் வடிவேலுவின் மனைவி மீனம்மா. "ஒரு பொண்ணோட வாழ்க்கை தம்பி அது. சோத்துல உப்புப் போட்டுத்தான திங்கிறீங்க?"

கந்தசாமி பிலிமை உறையிலிருந்து எடுத்துக் காட்டினார். "சின்ன ஸ்லைடுன்னா சட்டம் போட்டு வரும்க்கா, எந்தப் பக்கம்னு தெரிஞ்சிரும். இது பெரிய பிலிம். மூணு விரல் அகலத்துக்கு வெறும் துண்டா வருது. அதான் மாறிப்போச்சு."

"ஓரத்துல எழுத்து இருக்குல்ல?" வடிவேலு பிலிமைப் பிடுங்கி டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தார். "இந்தா, எழுத்து நேரா தெரியுது, மச்சமும் அவ இடது கன்னத்துலயே தெரியுது. இது எனக்கே புரியுது. இத்தன வருஷமா கடை வச்சிருக்கிற உனக்குப் புரியலையா?"

கந்தசாமி மேசைமேல் கிடந்த படத்தைக் கவிழ்த்து வைத்தார்.

எல்லாம் மலிவுக்கு ஆசைப்பட்டதால் வந்த வினை. வடிவேலுவின் அக்காள் மகன் ஷங்கர், பெண் பார்க்கக் கொடுக்கிற படம் கண்ணைப் பறிக்க வேண்டும் என்று தன் பெரிய கேமராவில், வண்ணம் அப்படியே விழுகிற ஸ்லைடு பிலிம் போட்டு எடுத்துக் கொடுத்தான். அதைக் கழுவ மலாக்காவில் ஆள் இல்லை. ரிங்கிட்டின் மதிப்பு விழுந்து விலைவாசி ஏறிக் கிடந்த நேரம், கோலாலம்பூர்க் கடையில் கேட்ட விலைக்கு வடிவேலுவுக்குத் தலை சுற்றியது. கந்தசாமி நாலு பேருடைய பிலிமைச் சேர்த்து பஸ்ஸில் கோலாலம்பூருக்கு அனுப்பிக் கழுவி வாங்கி, தன் கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்து, பாதி விலையில் படம் போட்டுத் தருகிறார் என்று மீனம்மாதான் விசாரித்து வந்து சொன்னாள். பிலிமைக் கொண்டுவந்து கொடுத்ததும், படத்தை வாங்கிப்போய்த் தரகர் கையில் சேர்த்ததும் அவள்தான்.

"பாதி விலைன்னு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்," என்றார் வடிவேலு. "மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை. அவன் அப்பாகிட்ட கோயில்ல வச்சு வாக்குக் குடுத்திருக்கேன். வலது கன்னத்துல மச்சம் உள்ளவ வந்தா வீடு வெளங்காதுன்னு ஏற்கெனவே ரெண்டு பொண்ண வேணாம்னு சொன்ன குடும்பம். என் பொண்ணுக்கு இடதுதானேன்னு தைரியமா இருந்தேன். நேத்து படம் திரும்பி வந்திருச்சு. அதுக்கப்புறம்தான் நானே பாக்குறேன்."

கந்தசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"சும்மா நின்னா ஆச்சா? நேரா ஒரு படம் போடு. கடையைப் பூட்டு. என்கூட இப்பவே கிளேபாங் வா. மாப்பிள்ளையோட அம்மா முன்னால நின்னு, தப்பு என்னோடதுதான்னு உன் வாயால சொல்லு."

கந்தசாமி மீனம்மாவைப் பார்த்தார்.

"எதுக்குங்க அங்க போகணும்?" என்றாள் அவள். குரல் கடைத்தெருவரை கேட்டது. "நேத்து நீங்க போன் போட்டுப் படம் இடம் வலமா மாறிப்போச்சுன்னு சொன்னப்ப அந்தம்மா என்ன சொன்னுச்சு? மச்சத்த மறைக்க நல்லா கத கட்டுறீங்கன்னு சொல்லல? ரப்பர் தோட்டத்துப் புத்தி உங்கள விட்டுப் போகலன்னு சொல்லல?"

வடிவேலுவின் முகம் கறுத்தது. "சொல்லுச்சு."

"எம்பொண்ணு என்ன பாசார்ல வச்ச மீனா, செவுளத் தூக்கிப் பாத்துட்டு வேணாம்னு போடுறதுக்கு? இவ்வளவு கேட்டதுக்கு அப்புறமும் போய்க் கையக் கட்டிக்கிட்டு நிக்கப் போறீங்களா?"

"யாரு, நானா?" வடிவேலு மேசையில் கையை ஊன்றினார். "வாக்க முறிச்சது நான் இல்ல, அவங்க. இனி அவங்களே தாம்பூலத் தட்டோட வந்தாலும் என் வாசப்படி ஏற விடமாட்டேன். உன் கடைக்கும் இதுதான் கடைசி, தெரிஞ்சுக்க."

சொல்லிவிட்டு விடுவிடுவென்று வெளியே போனார். மீனம்மா பிலிமை நிதானமாக உறையில் போட்டாள். வெளியே மோட்டார் சைக்கிள் உறுமுகிற சத்தம் கேட்டது.

"ஏன்க்கா, நீங்க சொன்னபடிதான திருப்பி வச்சேன்," என்றார் கந்தசாமி மெதுவாக. "அதுக்கு இந்தத் திட்டு திட்டுறீங்களே?"

மீனம்மா வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"மொத சம்சாரத்தோட கைய ஒடிச்சுத் தொரத்துன பயலுக்கு எம்பொண்ணக் குடுக்காதீங்கன்னு ஒரு மாசமா இந்த மனுஷன் கால்ல விழுந்தேன், வாக்கு வாக்குன்னே நின்னாரு. அவருக்குச் சேர வேண்டிய திட்டத்தான் தம்பி உங்களுக்குக் குடுத்தேன்."