பானெட்டில் ஒரு தட்டு

ஹைப்ரிட் கார் எஞ்சினுக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். நெரிசலில் அது அணைந்து தூங்கிவிடும். விழித்துப் பார்த்தால் வண்டி இரண்டு தெரு தாண்டியிருக்கும்.

பின்சீட்டுக்கு அடியில் கிடந்த பேட்டரியிடம் கேட்டது: "தம்பி, நான் தூங்கறப்போ வண்டியை யாருடா இழுக்கறது?"

"நான்தாண்ணே."

"உனக்குத்தான் ஒரு சொட்டு பெட்ரோல்கூட ஊத்தறதில்லையே. எதைத் தின்னுட்டு இழுக்கறே?"

"ஓனர் பதமா பிரேக் மிதிக்கிறப்போ, வீணாப்போற வேகத்தைப் பிடிச்சு வெச்சுக்கறேண்ணே. அதுதான் சாப்பாடு."



வீட்டு வாசலில் எதிர்வீட்டுக்காரர் விசாரித்தார்: "மைலேஜ் எவ்வளவு குடுக்குது?"

"லிட்டருக்கு இருபத்தேழு," என்று ஓனர் பானெட்டைச் செல்லமாகத் தட்டினார்.

பின்னாலிருந்து பேட்டரி கேட்டது: "என்னண்ணே, அங்க ஏதோ தட்டுற சத்தம்?"

"ஒண்ணுமில்லடா," என்றது எஞ்சின். "தூசி தட்டறார்."