நபீலா வீட்டுப் புது டீவி

பக்கத்து வீட்டு ஃபர்ஸானா ராத்தா டீவி போட்டால், கடலில் வலை இழுக்கிறவனுக்கும் செய்தி கேட்கும். அப்படியொரு சத்தம். போட்ட டீவியைப் பார்ப்பாவா என்றால் அதுவுமில்லை. யன்னலில் வந்து நின்று, கைக்கெட்டும் தூரத்திலிருக்கும் நபீலா வீட்டுக்குள்ளேயே கண்ணை வைத்திருப்பா.

"அடுத்த வீட்ட எட்டிப் பார்க்காட்டி அந்த மனிசிக்குச் சோறு எறங்காது" என்று நபீலா புருஷன் இஸ்ஹாக்கிடம் கறுவுவாள்.

கறுவினாளே தவிர, சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை. எப்படிக் கேட்பாள்? அவள் வீட்டுச் சுவரில் தொங்கியது டீவியே இல்லை. மதுரங்குளியில் மூடிவிட்ட ஒரு கொம்பியூட்டர் கிளாஸிலிருந்து இஸ்ஹாக் மலிவாக வாங்கி வந்த மொனிட்டர். டிஷ் பெட்டியைக் கொழுவியதும் படம் பளிச்சென்று வந்தது. சத்தம்தான் வரவில்லை. அதற்குள் ஸ்பீக்கர் என்ற சாமானே கிடையாது. ஆனால் நபீலா அதற்குள், 'பெரிய டீவி எடுத்திட்டம்' என்று நுரைச்சோலை ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

ஸ்பீக்கர் வாங்க இஸ்ஹாக் செருப்பைப் போட்ட நேரம், ராத்தா வீட்டு யன்னலிலிருந்து அதே நாடகம், அதே வசனம், வாயசைவு பிசகாமல் வந்து விழுந்தது. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

இதில் அதிசயம் என்னவென்றால், நபீலா நாடகத்தை விட்டுச் சமையலுக்கு மாற்றினால், கொஞ்ச நேரத்தில் ராத்தாவின் சத்தமும் சமையலுக்கு வந்துவிடும். கண் பொல்லாத கண்ணானாலும் ரசனை நல்ல ரசனைதான் என்று நபீலா நினைத்துக்கொள்வாள்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான், புது டீவியில் மெட்ச் பார்க்க வருவதாக இஸ்ஹாக்கின் தங்கச்சி றிஷ்னா போன் எடுத்தாள். றிஷ்னாவின் காதில் விழுந்த விஷயம் அடுத்த பஸ்ஸிலேயே புத்தளம் போய்ச் சேர்ந்துவிடும். மொனிட்டர் என்று மட்டும் தெரிந்தால் நபீலாவின் மானம் கப்பலேறிவிடும்.

நபீலா வீட்டைக் கூட்டினாள். வட்டிலாப்பம் அவித்தாள். வந்த இடத்தில் றிஷ்னாவையும் அந்த மனிசி முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாதென்று, பெருநாளைக்கு வாங்கிய தடித்த சீலையை யன்னலில் தொங்கவிட்டாள். கடைசியாக, ஊரிலிருக்கும் அனல் மின் நிலையத்தின் புகைக்குழாயைப் பார்த்தபடியே, இன்றைக்கு மட்டும் கரண்ட் போய்விடக் கூடாதென்று துஆவும் கேட்டாள்.

மெட்ச் தொடங்கியது. கரண்ட் போகவில்லை. சத்தம் போய்விட்டது.

முதல் ஓவரிலேயே சிக்ஸர். மைதானம் முழுக்கத் துள்ளிக் குதிக்கிறது, வீடு மையவாடி மாதிரி அடங்கிப்போய் இருக்கிறது.

"சத்தத்தக் கூட்டுங்களேன் மதினி" என்றாள் றிஷ்னா.

சத்தம் வைத்தால் அவளுடைய காக்காவுக்குத் தலையிடி வருமென்று நபீலா வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள். அண்ணன்காரன் இஸ்ஹாக் உடனே தலையைப் பிடித்தான். எந்தப் பக்கம் இடிக்கிறதென்று தங்கச்சி கேட்க, மறு கையாலும் பிடித்தான்.

"அப்ப கொஞ்சமா வைங்க, நான் கிட்டப் போய்க் கேக்குறன்" என்று றிஷ்னா கதிரையை இழுத்துக்கொண்டு போய், மொனிட்டரின் பின்பக்கத்தைத் தடவிப் பொத்தான் தேட ஆரம்பித்தாள்.

நபீலா வட்டிலாப்பத்தில் பாதியைக் கோப்பையில் வெட்டி எடுத்துக்கொண்டு பின்கதவால் ஓடினாள்.

ராத்தா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாசலில் இருந்தா.

"ராத்தா, டீவியப் போடுங்களேன். நல்லா சத்தமா" என்றாள் நபீலா.

ராத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டா. நபீலாவுக்கு வேறு வழியும் இல்லை. யாரைக் கரித்துக் கொட்டினாளோ அவவிடமே உண்மையைச் சொன்னாள்.

"எங்கட டீவில சத்தமில்ல ராத்தா. அது டீவியுமில்ல. இவ்வளவு நாளும் ஒங்கட சத்தத்துலதான் பார்த்தம்."

ராத்தா கோப்பையை வாங்கி வைத்துவிட்டு, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், டீவியைப் போட்டா. கூரை அதிர மெட்ச் கேட்டது. டீவியில் ஒரு பொட்டுப் படமில்லை, கன்னங்கரேலென்று கிடந்தது.

"நோன்புக்கு முந்தியே படம் போயிட்டு புள்ள, ஊருக்குத் தெரிஞ்சா வெக்கம்" என்றா ராத்தா. "ஓடிப்போய் அந்தச் சீலையக் கழட்டுங்க. எத்தின ரன்னெண்டு நானும் பார்க்கணும்."