மூங்கில் கைப்பிடி

"காதுல பஞ்சு வெச்சிருக்கியா?"

"வெச்சிருக்கேன் சார்."

"அப்புறம் நான் கேட்டது எப்படிக் கேட்டுச்சு? இன்னும் ரெண்டு உருண்டை வை."

ரமீஸ் வைத்துக்கொண்டான். பேராசிரியர் அப்பாசாமி வேனின் முன்சீட்டில் சாய்ந்தபடி மற்ற மூவரையும் சரிபார்த்தார். எல்லோருக்கும் பார்வை மங்கும்படி வாஸ்லின் களிம்பு பூசிய மூக்குக்கண்ணாடி. முட்டி மடங்காதபடி மூங்கில் தப்பை வைத்துக் கட்டு. ஷூவுக்குள் கூழாங்கல். முதியவர்களுக்குப் பொருள் வடிவமைக்க வேண்டுமென்றால் முதலில் முதியவராக வேண்டும் என்பது அவர் பாடம். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. தலைக்குச் சாயம் அடித்திருந்தார்.

"யார்கிட்டயும் விளக்கம் சொல்லாதீங்க. நீங்க காலேஜ் பசங்கன்னு தெரிஞ்சா ஊர்ல எல்லாரும் நடிக்க ஆரம்பிச்சிருவாங்க. போங்க."

போனார்கள். மலைமேல் திண்ணனூர் நாடு என்ற பகுதியில் இருந்த அந்தக் குக்கிராமத்துக்கு ரோட்டிலிருந்து முந்நூறு அடி ஒற்றையடிப் பாதை. மூன்று நாள் அதில் ஏறி இறங்கினார்கள், விழுந்தார்கள். ரமீஸ் ஒரே வளைவில் நான்கு முறை விழுந்தான். தலையில் மரவள்ளிக்கிழங்கு மூட்டையோடு எதிரே வந்த ஊர்ப் பெரியவர்கள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள். 'மலை மக்களின் மரியாதை' என்று நோட்டில் எழுதிக்கொண்டாள் கலைமணி.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. எல்லோரும் வாசலூர்பட்டி ஏரியில் படகு விட்டார்கள். ரமீஸ் மட்டும் கரையில் உட்கார்ந்திருந்தான். மறுநாள் மதிப்பீடு; முதியவர்களுக்கென்று ஆளுக்கு ஒரு பொருள் செய்து காட்ட வேண்டும். அவன் கையில் எதுவும் இல்லை. இந்தப் பாடத்தில் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தான். இந்த முறையும் போனால் படிப்பு முடிந்தது. அடிவாரத்தில் அத்தாவின் பாத்திரக் கடையில் உட்கார வேண்டியதுதான். மகனுக்கென்று அவர் புது ஸ்டூலே வாங்கிப் போட்டுவிட்டார்.

திங்கட்கிழமை, கண்ணில் படும் யார் காலிலாவது விழுந்து ஏதாவது யோசனை கேட்கலாம் என்று முதல் பஸ்ஸிலேயே தனியாக வந்தான். பாதை முனையில் நின்றுவிட்டான்.

பாதை நெடுக மூங்கில் கைப்பிடி. சனிக்கிழமை அது இல்லை. கை பிடிக்கும் இடத்தில் வழுக்காமல் கயிறு சுற்றியிருந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் கயிற்றில் ஒரு பெரிய முடிச்சு. இருபது அடிக்கு ஒரு பலகைக்கல், உட்கார.

சுற்றிலும் பார்த்தான். ஒருவரும் இல்லை. நோட்டு அட்டையைக் கிழித்துத் தன் பெயரையும் பதிவெண்ணையும் எழுதி முதல் கம்பத்தில் தொங்கவிட்டான்.

பத்து மணிக்கு மதிப்பீடு தொடங்கியது. கலைமணியின் கைத்தடியில் டார்ச், ரேடியோ, காலண்டர் எல்லாம் இருந்தன. தூக்கத்தான் முடியவில்லை. இன்னொருவன் பேசும் மாத்திரைப் பெட்டி செய்திருந்தான். அந்த ஊரில் யாரும் மாத்திரை சாப்பிடுவதில்லை.

"அடுத்து ரமீஸ். என்ன, இந்தத் தடவையும் மன்னிப்புக் கடிதமா?"

"இல்ல சார். இதோ, இதுதான்."

அப்பாசாமி கயிற்றைத் தடவினார். முடிச்சைத் தடவினார். "முடிச்சு எதுக்கு?"

ரமீஸ் முடிச்சைத் தானும் தடவிப் பார்த்தான். "கண்ணு தெரியாதவங்களுக்கு... வளைவு வருதுன்னு கை சொல்லும் சார்."

"போட்டுட்டு நடந்து காட்டு."

கண்ணாடி, பஞ்சு, தப்பை, கல் எல்லாவற்றோடும் ரமீஸ் நடந்தான். முடிச்சு கையில் தட்டுப்பட்டது, திரும்பினான். அங்கே வந்ததிலிருந்து முதல்முறையாக அந்த வளைவில் விழவில்லை.

"பார்த்தீங்களா!" அப்பாசாமி மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "புத்தகத்தைப் படிச்சு இது வராது. வேதனையைக் கூடவே இருந்து பார்த்தவனுக்குத்தான் வரும். நான் சொல்லிக் குடுத்ததுக்கு இதுதான் பலன்." தொண்ணூற்றைந்து என்று எழுதினார். பிலிம் ரோலில் மிச்சமிருந்த மூன்று படத்தையும் கைப்பிடிக்குப் பக்கத்தில் நின்று தன்னை எடுக்கச் சொன்னார்.

அப்போது மேலேயிருந்து ஊர்ப் பெரியவர் மாணிக்கம் இறங்கி வந்தார். எழுபது தாண்டியவர். தலையில் பலாப்பழம், கை இரண்டும் பழத்தில். கைப்பிடியைத் தொடவே இல்லை.

ரமீஸ் குறுக்கே போய் நின்றான். "சார், அவருக்கு அவசர வேலையாம்..."

"நீ சும்மா இரு. பெரியவரே, ஒரு நிமிஷம். இந்தப் பையன் செஞ்சிருக்கற கைப்பிடி உங்களுக்கு எப்படி இருக்கு?"

"இந்தத் தம்பியா?" மாணிக்கம் பழத்தை இறக்கி வைத்துவிட்டு ரமீஸைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட, புடிச்சுக்கிட்டு நல்லா நடக்குதுங்களே! இது நாங்க கட்டுனதுங்க சாமி. நேத்து நானு, பெருமாயி, இன்னும் நாலு கெழடுகட்டைங்க சேந்து."

அப்பாசாமி பேனாவை மறுபடி திறந்தார். "நீங்க கட்டினதா? உங்களுக்காகவா?"

"எங்களுக்கு என்னத்துக்குங்க இது? மூணு நாளா இதுங்க கண்ணுந் தெரியாம, காதுங் கேக்காம, காலும் மடங்காம உளுந்து உளுந்து எந்திரிக்கறதப் பாத்து மனசு கேக்கலீங்க. அதான்." ரமீஸின் தோளைத் தடவிக் கொடுத்துவிட்டு, அவன் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினார். "ஏனுங்க, பாவம், இதுங்க எந்த ஆஸ்பத்திரிப் புள்ளைங்க?"