சோளக் கிராமத்து விருந்தாளி

“ஆன்ட் பேர்ணடெட்!” என்று வாசலிலேயே கூவிக்கொண்டு டார்லீன் ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். நியூசிலாந்தில், பாபகூராவிலுள்ள தன் வீட்டின் கதவை ஒரு கையால் பிடித்தபடி பேர்ணடெட் வெட்கத்தோடு சிரித்தாள்.

“பாத்தியே றொஷானி, இவ என்னைவிட மூத்தவ. ஆனா அந்த ஊரில சின்னன் பெரிசு எல்லாருக்கும் நான் ஆன்ட், இவர் அங்கிள். நிரூஜன் எங்கட பழக்கத்தை ஊருக்கே பழக்கிப்போட்டான்,” என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள்.

“மருமகளும் அப்பிடியோ அக்கா?”

“ஓம், மாமியை வேற எப்பிடிக் கூப்பிடுறது?” என்று உள்ளேயிருந்து அவள் புருசன் செபஸ்ரியன் குரல் கொடுத்தார்.

நிரூஜன் அவர்களுடைய ஒரே பிள்ளை. அமெரிக்காவில், ஐயோவாவில், சுற்றிவரச் சோளக்காட்டைத் தவிர ஒன்றுமில்லாத ஒரு சின்னக் கிராமத்தில் மாட்டு வைத்தியன். போன செப்டெம்பரில்தான் செபஸ்ரியனும் பேர்ணடெட்டும் முதன்முதலாக அங்கே போய் மூன்று கிழமை தங்கிவிட்டு வந்தார்கள்.

டார்லீன் அவன் வீட்டுக்கு அடுத்த பண்ணைக்காரி. கப்பலில் ஊர் சுற்ற வந்தவள், ஒக்லண்டில் ஒரு பகல் கிடைத்ததும் புருசனைக் கப்பலிலேயே விட்டுவிட்டு ரயிலேறி வந்திருந்தாள். “நிரூஜனுக்குச் சொல்லவில்லை. திரும்பிப் போய்ச் சொல்லி ஆச்சரியப்படுத்த வேண்டும்,” என்றாள்.

தேத்தண்ணியோடு ரோல்ஸ் வந்தது. டார்லீன் ஒன்றைக் கடித்து, மூக்குச் சிவந்து, பால் கேட்டாள்.

“சேர்ச்சில எல்லாரும் சமைச்சுக் கொண்டுவந்து சாப்பிட்ட அண்டும் இதே கூத்துத்தான்,” என்றாள் பேர்ணடெட். “என்ர கோழிக்கறியைச் சாப்பிட்டிட்டு ஊரே பாலுக்கு லைனில நிண்டது. ஆனா சட்டியில ஒரு துண்டு மிஞ்சேல்லை.”

றொஷானி சிரித்தாள். பேர்ணடெட் நிறுத்தவில்லை. அங்கே றோட்டில் எதிரே வருகிற எவரும் ஸ்ரியறிங்கிலிருந்து ஒரு விரலையாவது தூக்கிக் காட்டாமல் போகமாட்டார்கள். இவர்கள் போய் இறங்கிய மறுநாளே யார் யாரோ தட்டம் தட்டமாகச் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். அறுவடை நேரம், மெசினை நிற்பாட்டிவிட்டு இறங்கிவந்து கைகொடுத்தார்கள். “இஞ்ச இவ்வளவு காலமா இருக்கிறம். உன்னைத் தவிர ஆர் எங்கட கதவைத் தட்டினது?”

செபஸ்ரியன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்துக்கு மாறினார். “டார்லீன், இந்த வீட்டை விற்கப்போகிறோம். உங்கள் ஊரிலேயே வந்து இருக்கப்போகிறோம். எங்கட மகன்தான் யோசிப்போம் என்கிறான்.”

“அவன் யோசிப்பான், நீங்கள் வாருங்கள்!” டார்லீன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்கள் இரண்டு பேரும் எங்கட மகன், எங்கட மகன் என்று சொல்லும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கிவிடும். என்ன மனசு உங்களுக்கு!”

பேர்ணடெட்டுக்கும் கண் கலங்கியது. அதற்கு வேறு காரணம் இருந்தது.

நாலு வருசத்துக்கு முன், மகனுடைய கலியாணத்துக்கு விசா கிடைக்கவில்லை என்றுதான் றொஷானிக்கும் கோயில் சனத்துக்கும் சொல்லியிருந்தார்கள். விசாவும் இருந்தது, ரிக்கெற்றும் இருந்தது. வெள்ளைக்காரப் பெட்டையைக் கட்டுகிறவனின் கலியாணத்துக்கு வரமாட்டேன் என்று செபஸ்ரியன் கட்டிய பெட்டியை அவிழ்த்துப் போட்டார். தனியாகவாவது போகிறேன் என்ற பேர்ணடெட்டையும் விடவில்லை.

பேரப்பிள்ளை பிறந்த பிறகுதான் மனுசன் இளகினார். எயார்போட்டில் நிரூஜன் இரண்டு பேரையும் கட்டிப்பிடித்தான். கலியாணத்தைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. மன்னித்துவிட்டான் என்று இவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவனாகக் காட்டாத கலியாணப் படங்களைக் கேட்க மட்டும் பேர்ணடெட்டுக்கு வாய் வரவில்லை.

“ஒன்று கொண்டுவந்திருக்கிறேன்,” என்று டார்லீன் பையிலிருந்து ஒரு ரப்லெற்றை எடுத்தாள். “கலியாணப் படங்கள். எல்லாம் நான் எடுத்தவை. உங்களுக்குத்தான் வரக் கிடைக்கவில்லையே.”

பேர்ணடெட் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு அதை வாங்கினாள். நீலக் கோட்டில் நிரூஜன். மெலிந்து, அழகாக, யாருடைய பிள்ளையோ போல. ஒரு வைக்கோல் கொட்டிலில் மேசை போட்டு ஊரே சாப்பிடுகிறது. மணமக்களை ட்ராக்ரரில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

அடுத்தது சேர்ச். நிறையச் சனம். ஆனால் மாப்பிள்ளை பக்கத்து முன் வாங்கில் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. வெறும் வாங்குக்கு முன்னால், ஒரு சின்ன மேசையில், வெள்ளைப் பூக்களுக்கு நடுவே இரண்டு மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன.

பேர்ணடெட் படத்தை விரலால் பெரிதாக்கினாள். “இஞ்சேருங்கோ, பாத்தீங்களே. நாங்கள் போகாட்டியும் பிள்ளை எங்களுக்கெண்டு இடம் விட்டு வைச்சிருக்கிறான்.”

செபஸ்ரியன் கண்ணாடியைக் கழற்றினார். “போயிருக்கலாம்,” என்றார் மெதுவாக.

றொஷானி ஒன்றும் விளங்காமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பேர்ணடெட் கண்ணைத் துடைத்துக்கொண்டு டார்லீனிடம் ரப்லெற்றை நீட்டினாள். “இந்த இடம் எங்கள் இரண்டு பேருக்கும் என்று விட்டதுதானே?”

டார்லீன் அவளுடைய தோளை அணைத்துக்கொண்டாள்.

“இல்லை, அது செத்துப்போன அவனுடைய அம்மா அப்பாவுக்கு.”