மதில் தாண்டிய சோலை

சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால், எனக்கு மிச்சமிருக்கிற இரண்டு பல்லும் இந்த நிமிஷமே கழன்று விழட்டும்.

முப்பத்தோராம் ஆண்டு. கண்டியில் வீடு வீடாகப் போய்ச் சோலைவரி மதிப்பிட ஒரு வெள்ளைக்காரத் துரை கிளம்பினார். மத்தியானம் துரை வருகிறார் என்று அறிவிக்கக் காலையிலேயே முன்னால் போனவர் கிளாக்கர் இராமகிருஷ்ணன்.

கட்டுகஸ்தோட்டை வீதியில், ஜவுளிக்கடை மஹ்ரூப் முதலாளியின் வாசலில் கிளாக்கர் அப்படியே நின்றுவிட்டார்.

நாலு ஆட்கள் முதலாளியின் தோட்டத்தைத் தூக்கி, மதிலுக்கு அந்தப் பக்கம் இறக்கிக்கொண்டிருந்தார்கள். எழுபத்திரண்டு பூச்சாடி. பதினோரு வாழை. பந்தலோடு ஒரு மல்லிகை. கொல்லையிலிருந்த பலா மரத்தையும் பெயர்த்திருப்பார்கள், வேர்தான் சம்மதிக்கவில்லை.

அந்தப் பக்கத்து வீடு சித்தி றலியா என்ற பெண்ணுடையது. புருஷன் போய் ஒரு வருஷம். அப்பம் சுட்டு விற்று இரண்டு பெண்பிள்ளைகளை வளர்க்கிறாள். அவர் சாகுமுன் ஆசையாய்க் கட்டிய கண்ணாடி ஜன்னல் விறாந்தைக்கு இன்னும் வரி போடவில்லை. அதற்கும் சேர்த்துப் போட்டால் கட்ட வழியில்லை. வீடே ஏலத்துக்குப் போகும்.

"மஹ்ரூப் நானா! இது என்ன அநியாயம்?" வாசல் திரைக்குப் பின்னாலிருந்து றலியாவின் சத்தம். "உங்கட காட்டையெல்லாம் என்ட வாசல்லயா கொட்டுற?"

"கொஞ்சம் பொறு தங்கச்சி. துரை போனதும் எடுத்துருவேன்."

கிளாக்கருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன வேலைங்க இது, முதலாளி?"

"சோலைவரிதானே தம்பி? சோலை ஈக்கிற ஆள் கட்டட்டும். என்ட வளவப் பாருங்க, புல்லுக்கூட இல்ல."

"ஐயோ முதலாளி! பேர்தாங்க சோலை. வரி மரத்துக்கில்ல, வீட்டுக்கு! வாடகைக்கு விட்டா என்ன கிடைக்கும்னு பார்த்துப் போடுறது!"

"எனக்கே பாடமா? போங்க, போங்க."

கிளாக்கர் நடையைக் கட்டினார். விதவை தலையில் வரியை ஏற்றப் பார்க்கிற கஞ்சன்! நன்றாக மாட்டட்டும் என்று உள்ளுக்குள் ஒரு குஷி.

மத்தியானம் துரை வந்தார். மறைக்க ஓர் இலை இல்லாமல் முதலாளியின் வீடு பளபளவென்று நின்றது. மாடி, தேக்குக் கதவு, வரிசையாகப் பதினாறு ஜன்னல். துரை விரல் விட்டு எண்ணி எண்ணிச் சொன்னார். கிளாக்கர் ஆசை ஆசையாய் எழுதினார். போன வருஷ வரி ஒன்றரை மடங்காகிவிட்டது.

பக்கத்து வளவில் வாழைக்கும் மல்லிகைக்கும் நடுவே ஒரு கூரை மூலைதான் தெரிந்தது. துரை இலையை விலக்கிக் கால் வைத்தார்.

"வூட்டுல ஆம்புளயள் இல்ல! அங்கேயே நில்லுங்க!" என்றது திரை.

கிளாக்கர் மொழிபெயர்த்தார். துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்த காலோடு பின்வாங்கினார்.

"தோட்டத்துக்குள் சின்னக் குடிசை ஒன்று. அவ்வளவுதான், எழுதும்" என்றார்.

உள்ளே விறாந்தை இருப்பது கிளாக்கருக்குத் தெரியும். ஆனால் சொன்னதை எழுதுவதுதானே கிளாக்கர் வேலை!

முதலாளியின் முகம் கறுப்பதைப் பார்க்காவிட்டால் தூக்கம் வராதே! மறுநாள் விடிந்ததும் ஓடினார்.

"பார்த்தீங்களா முதலாளி? உங்களுக்கு ஏறிப்போச்சு, அந்தம்மாவுக்கு இறங்கிப்போச்சு! சோலைவரின்னா என்னன்னு இப்பவாவது விளங்கிச்சா?"

முதலாளி மதில் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தணித்தார்.

"தம்பி, கொழும்பு வீதியில என்ட மூணு கடைக்கும் பதினெட்டு வருஷமா சோலைவரி கட்டுறேன். எனக்கு விளங்காதா? கையில குடுத்தா அவள் ஒரு சதம் வாங்க மாட்டாள். வேற என்ன செய்யிற? நீங்க வெளிய செல்லிராதீங்க. நான் நல்லவன்னு தெரிஞ்சா, கண்டியில தர்மக் காசு சேர்க்கிற சந்தாப் புத்தகம் எல்லாம் என்ட வாசல்லதான் வந்து நிக்கும்!"

கிளாக்கர் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். இன்றுவரை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. பிறகு எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கவும் வேண்டாம், சொன்னது யார் என்று வெளியில் சொல்லவும் வேண்டாம். பாவம், கஞ்சன் என்று பேர் எடுக்க அந்த மனுஷன் எவ்வளவு செலவு செய்திருக்கிறார்!