ஆடிச்சுற்று

"ஏட்டி ஜெமி, நெஞ்சுல சளி கட்டி ஆஸ்பத்திரில கிடந்து வந்த உன் மாமியாவை இப்படிச் சுத்த விட்டிருக்கியே, உனக்கு ஈவு இரக்கம் இருக்கா?"

மேலநீலிதநல்லூரிலிருந்து பஸ் பிடித்து வந்த ஏசுவடியாள், மகள் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகப் பிடித்துக்கொண்டாள்.

"அதுவும் நீ அம்மனுக்கு நேர்ந்துக்கிட்டியாம், உன் மாமியா கோயிலைச் சுத்தணுமாம்! சபையில எல்லாரும் கேக்காங்க. பொருத்தனை பண்ண நமக்கு வேற இடமா இல்லை?"

ஜெமி வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் ஒண்ணும் நேரலைம்மா."

"பின்னே?"

"அத்தை நாள் பூரா தறிக்குப் பக்கத்துல உக்காந்து நூலைத் தார்ல சுத்துதாங்க. மாசாமாசம் காய்ச்சல். 'உடம்புல எதிர்ப்புச் சக்தியே இல்லை. தினமும் நடந்தாத்தான் நோயோட சண்டை போடுத அணுக்கள் ரத்தத்துல சுறுசுறுப்பா ஓடும். இன்னொரு தடவை சளி கட்டினா தாங்காது'ன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நடங்கன்னா, 'வேலையத்து ரோட்டுல நடக்க எனக்கென்ன கிறுக்கா'ன்னு கேக்காங்க. ஆடி பிறந்துச்சு. ஊரே கோயிலைச் சுத்துது. 'நீங்க ஆடிச்சுத்து சுத்துவீங்கன்னு கோமதியம்மனுக்கு நேர்ந்திருக்கேன் அத்தை'ன்னு சொன்னேன். மறுநாளே கிளம்பிட்டாங்க. ஆடித்தவசுத் திருநாள் முடிஞ்சும் விடலை. காய்ச்சலும் வரலை."

"பொய் பொய்தான். சாமி பேர்ல பொய் சொல்லிட்டு எப்படிட்டி முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுவ? வரட்டும், நானே சொல்லிருதேன்."

"சொன்னா நடக்கிறதை நிறுத்திருவாங்கம்மா!" ஜெமிக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்குள் கோமதித்தாய் நெற்றியில் கோயில் புற்றுமண்ணோடு வந்து நின்றாள்.

"வாங்க மதினி! ஏட்டி ஜெமி, அம்மாவுக்குக் காப்பி போடு."

ஜெமி அம்மாவைக் கெஞ்சலாகப் பார்த்தபடியே அடுப்படிக்குப் போனாள்.

"மதினி, ஒண்ணு சொல்லணும். அந்த நேர்ச்சை வந்து..." ஏசுவடியாள் ஆரம்பித்தாள்.

"பொய்னுதான சொல்லப் போறீங்க?" கோமதித்தாய் சிரித்தாள். "டாக்டர் அவகிட்டச் சொல்லும்போது கட்டில்ல கண்ணைத்தான் மூடிக் கிடந்தேன். காதை மூடலை."

ஏசுவடியாளின் குரல் உயர்ந்தது.

"தெரிஞ்சுமா நடக்கீங்க?"

"மெள்ளப் பேசுங்க, அவளுக்குக் கேட்டிரப் போகுது. பொய் சொன்னா நரகம்னு நம்புத பொண்ணு மதினி. எனக்காக ஒரு பொய் சொல்லிருக்கா. அதுக்காகவாவது நடக்கணும்லா?"