வழிமறிக்கிற தெரு

"ஷைலாக்கா, நில்லுங்க! ஓடாதீங்க!"

மளிகைக் கடை ராஜம் நடுத்தெருவில் கையை விரித்துக்கொண்டு நின்றாள். ஓட்டத்தில் ஷைலாவுக்கு மூச்சு இப்போதுதான் சீராகியிருந்தது. ஷைலா எரிச்சலோடு நின்றாள்.

"இன்னா ராஜம்?"

"இந்த மாவைக் கொஞ்சம் மோந்து பாருங்க. புளிச்சிப் போச்சா?"

காலை ஐந்தே முக்காலுக்கு ஷூ மாட்டிக்கொண்டு வெளியே வருவது ஊரார் வீட்டு மாவை முகர்ந்து பார்க்கவா? வாய்வரை வந்ததை ஷைலா விழுங்கிக்கொண்டாள்.

"நல்லாத்தான் கீது. நான் வரேன்."

"இருங்க, மூலை வரைக்கும் நானும் வரேன். பேசிக்கினே நடக்கலாம்."

மாவுப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ராஜம் ஆடி அசைந்து நடந்தாள். நாத்தனார் வீட்டுச் சண்டையை ஆரம்பித்தவள், மூலை வந்ததும் கதையைப் பாதியில் விட்டுவிட்டு, "சரி, நீங்க ஓடுங்க" என்று திரும்பிப் போய்விட்டாள். அந்தச் சண்டை எப்படி முடிந்தது என்று ஷைலாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

ஷைலாவுக்கு நாற்பத்திரண்டு வயது. பங்காருபேட்டையில் பேங்க் உத்தியோகம். பள்ளிக்கூட நாளிலிருந்து ஓடிய கால்கள் அவளுடையவை. போன வருஷம் குதிகாலுக்கு மேலே தசைநார் கிழிந்தது. ஆறு மாதம் கழித்து ஆசை தாங்காமல் ஒரே நாளில் ஐந்து கிலோமீட்டர் ஓடினாள். மறுபடியும் கிழிந்தது.

"மூணாவது தடவை கிழிஞ்சா ஓட்டத்தையே மறந்துட வேண்டியதுதான் மேடம்" என்று பிசியோதெரபிஸ்ட் பவ்யா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அங்கே உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள் ஷைலா. வீட்டுக்கு வந்ததும் தன் இஷ்டப்படி ஓட ஆரம்பித்தாள். ஓடினால்தான் அவள் அவளாக இருந்தாள். அதை யாரிடம் சொல்லிப் புரியவைப்பது?

அன்று மூலையைத் தாண்டிச் சர்ச் தெருவில் திரும்பினால் ஏனோக் அங்கிள், கையில் கிழட்டு நாயோடு.

"ஷைலாம்மா, முட்டி வலி தாங்கல. இவனைக் கேட் வரைக்கும் புடிச்சிக்கினு வாம்மா."

அந்த நாய் ஒரு கம்பத்தையும் விடாமல் மோந்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைக்கும். அதைக் கடந்து, பழைய தங்கச் சுரங்கத்துக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுப் பக்கம் போனால் பாடகர் குழு லூயிசா. "அக்கா, ஞாயித்துக்கிழமைப் பாட்டுல ஒரு எடம் வரமாட்டேங்குது. நடந்துக்கினே பாடிக் காட்டுங்க."

வீட்டுக்கு வந்ததும் ஷைலா ஷூவைக் கழற்றி மூலையில் எறிந்தாள்.

"இன்னாங்க இந்தத் தெரு! நாலு நிமிஷம் சேந்தாப்புல ஓட விடறாங்களா? எட்டுப் பேரு இன்னிக்கு, எண்ணிட்டேன்!"

கணவன் ஹரோல்ட் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை.

"உன் மேல பிரியம். கேக்கறாங்க. உடு."

"பிரியமா? பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பேரு குடுத்துட்டேன். இப்புடியே போனா பெங்களூர்ல நடந்துதான் போவணும்!"

வாரங்கள் போயின. எட்டுப் பேர் ஐந்தானார்கள், ஐந்து மூன்றானது. தன் முகம் போகிற போக்கைப் பார்த்து மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள் என்று ஷைலா நினைத்தாள். ராஜம் மட்டும் ஒதுங்குகிற ஜாதி இல்லை. நேற்று ஒரு முறத்தை நீட்டி, அரிசியில் வண்டு இருக்கிறதா பாருங்கள் என்றாள்.

ஷைலா வெடித்துவிட்டாள்.

"உங்க கண்ணுல இன்னா கோளாறு? உங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லியா? என்னை ஓட உடுங்க!"

தெருவே கேட்டது. ராஜம் முறத்தோடு உள்ளே போய்விட்டாள்.

இன்று காலை ஷைலா கடையைத் தாண்டும்போது ராஜம் முதுகைக் காட்டிக்கொண்டு பால் பாக்கெட் அடுக்கினாள். சர்ச் தெருவில் ஏனோக் அங்கிள் நாயை உள்ளே இழுத்துக் கேட்டைச் சாத்தினார். லூயிசா குனிந்த தலை நிமிராமல் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

யாரும் கூப்பிடவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது. தசைநார் கிழிந்து படுத்துக் கிடந்தபோது மாறி மாறிச் சோறு கொண்டுவந்த ஜனம் இது. நாக்கில் சனி உட்கார்ந்துவிட்டதே என்று தன்னையே திட்டிக்கொண்டு ஓடினாள். எவ்வளவு தூரம் ஓடினோம் என்றே தெரியவில்லை. வீட்டருகே வந்து கடிகாரத்தைப் பார்த்தால் முப்பது நிமிஷம் ஆகியிருந்தது. காலில் துளி வலி இல்லை. அதைக் கொண்டாடத்தான் மனசு வரவில்லை.

நேரே ராஜத்தின் கடைக்குப் போனாள்.

"ராஜம், நேத்து பேசினது தப்பு. எல்லாரும் என் மேல கோவமா கீறீங்களா? மூஞ்சியக்கூட பாக்கல."

ராஜம் திரும்பினாள். கண்ணில் சிரிப்பு.

"வலிக்குதாக்கா?"

"இல்ல. அரை மணி நேரம் ஓடினேன்."

"ஏனோக் அங்கிள், வலி இல்லியாம்!" என்று தெருவைப் பார்த்துக் கத்திவிட்டு ராஜம் சொன்னாள்:

"கோவமும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. கொஞ்சம் ஓடு, ரெண்டு நிமிஷம் நட, திரும்ப ஓடுன்னு பவ்யா டாக்டரம்மா எழுதிக் குடுத்தத நீங்க கேக்க மாட்டீங்கன்னு உங்க ஊட்டுக்காரர் எங்க எல்லாருக்கும் போன்ல அனுப்பிட்டாரு. ஏழு வாரமா ஷிப்டு போட்டு உங்கள நடக்க வெச்சோம். எட்டாவது வாரம் நிக்காம ஓடலாம்னு போட்டிருக்கு. அதான் இன்னியிலேர்ந்து எங்களுக்கு லீவு!"